வன்னி வெயிலில் ஒரு வைன் போத்தல்: வைப்பதும் திறப்பதும்

எங்கள் வீட்டு ஹோலில் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கிறது. மேல்தட்டில் மடு மாதாவின் சின்னச் சுரூபம், கீழ்த்தட்டில் தங்கச்சி பள்ளிக்கூடத்தில் வாங்கிய கேடயங்கள், இரண்டுக்கும் நடுவில் பாரிஸிலிருந்து சித்தி கொண்டுவந்த போர்தோ வைன் போத்தல். ஆறு வருடம் அது அங்கேயே நின்றது. "அம்மா, இது குடிக்கிற சாமான்" என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும் தம்பி, வடிவாத்தானே நிக்குது. கலியாணம் காட்சி எண்டு வந்தா உடைப்பம்" என்பார்.

அண்ணாவின் கலியாணம் வந்தது, உடைத்தோம். தக்கை ஏற்கெனவே ஒரு நெல்மணி உயரத்துக்கு வெளியே தள்ளியிருந்தது. போத்தலின் கழுத்தில் பிசுபிசுப்பு. வார்த்தால் சாயத் தேத்தண்ணியின் மண்ணிறம், மணமோ சீனிப்பாகில் ஊறிய பிளம்ஸ். பொம்பிளை வீட்டார் மரியாதைக்கு ஒரு மிடறு குடித்துவிட்டு கிளாஸை மேசையில் வைத்தார்கள். அப்புறம் அதை யாரும் தொடவில்லை.

சித்தி நல்ல வைன்தான் வாங்கி வந்திருந்தார். அதைக் கொன்றது எங்கள் அலுமாரி. வெளிநாட்டு உறவுகள் உள்ள எந்த வன்னி வீட்டிலும் இப்படி ஒரு போத்தல் நிற்கும் என்பதால், அன்றைக்குப் பிறகு நான் தேடிப் படித்ததையும் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். முதல் வேலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போத்தல் கைக்கு வந்த அன்றே அதைக் குடிக்கப்போகும் நாளைக் குறியுங்கள். நத்தாரா, பிள்ளையின் முதல் நன்மையா, வீடு குடிபூரலா, எதுவானாலும் சரி, சில மாதங்களுக்குள் வரும் நாளாக இருக்கட்டும். மற்றதெல்லாம் அந்த நாள் வரைக்கும் அதைக் காப்பாற்றும் வழிகள்தான்.

வெயில் உள்ளே என்ன செய்கிறது

வைன் போத்தலை வைக்க ஏற்ற வெப்பநிலை 12, 13 பாகை செல்சியஸ். 10 முதல் 15 வரைக்கும் இருந்தால் குறையில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ பகல் வெயில் 33, 34 பாகைக்குப் போகும். தகரமோ சீற்றோ போட்ட வீட்டில் கூரைக்குக் கீழே அதைவிடச் சூடு.

வெப்பம் 10 பாகை கூடினால் இரசாயனத் தாக்கங்களின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்று ஏ.எல். வகுப்பில் படித்திருப்போம். 13 பாகையில் இருக்க வேண்டியது 33 பாகையில் இருந்தால் வேகம் நான்கு மடங்கு. எங்கள் அலுமாரியில் நின்ற ஆறு வருடம், அந்தக் கணக்குப்படி, 24 வருடம்! உண்மை இதைவிட மோசம். மெதுவாக முதிரும் வைனில் வரும் நல்ல மணங்கள் சூட்டில் வேகமாக வந்து சேர்வதில்லை. அவை வருவதற்கு முன்பே பழமணம் அவிந்து பாகு மணமாகிவிடும்.

இன்னொன்றும் நடக்கிறது. சூட்டில் வைன் விரியும், தக்கையை வெளியே தள்ளும். இரவில் ஆறிச் சுருங்கும்போது தக்கையின் ஓரத்தால் கொஞ்சம் காற்று உள்ளே போகும். பகல் தள்ளு, இரவு இழு என்று ஒவ்வொரு நாளும் நடந்தால் போத்தல் மூச்சு விடத் தொடங்கிவிடும். வெப்பம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் ஒரே சீராக இருப்பது, ஏறி இறங்குவதைவிட மேல் என்று சொல்வது இதனால்தான்.

வெளிச்சம் வேறு. சூரிய ஒளியும் குழல்விளக்கின் ஒளியும் வைனில் உள்ள சில பொருட்களைச் சிதைத்து, அவிந்த கோவா போன்ற ஒரு நாற்றத்தைக் கொண்டுவரும். வெள்ளைக் கண்ணாடிப் போத்தலில் வரும் வெள்ளை வைனும் இளஞ்சிவப்பான ரோஸே வைனும்தான் இதில் முதலில் அடிபடும். கடும்பச்சை, மண்ணிறப் போத்தல்கள் கொஞ்சம் தாங்கும். யன்னலுக்கு எதிரே கண்ணாடி அலுமாரியில் எதை வைத்தாலும் இந்த இரண்டு தண்டனையும் சேர்ந்தே கிடைக்கும்.

கட்டுநாயக்காவிலிருந்து வீடு வரை

போத்தல் கெடும் இடம் பல நேரம் வீடு வருவதற்கு முந்திய ஏழெட்டு மணி நேரம்தான். விமானத்தின் சரக்கறை குளிர்ந்த இடம், அங்கே பயமில்லை. உடுப்புக்கு நடுவில், உடையாதபடி ஒரு சாரத்தில் சுற்றி வைத்தால் போதும். பிரச்சினை வீட்டுக்கு வரும் வாகனத்தில் ஏறியதும் தொடங்கும். பெட்டிகள் பின்னால் போகும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்துவார்கள். மூடிய வாகனத்துக்குள் சூடு 50 பாகையையும் தாண்டும். மடுத் திருவிழாவுக்கென்று ஆடி, ஆவணியில் வருகிறவர்கள்தான் கூடுதலாகக் கொண்டுவருகிறார்கள். வருடத்தில் போத்தலுக்குப் பொல்லாத காலமும் அதுதான்.

வரும் உறவினரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: போத்தலைக் கையில் எடுத்து, ஏசி படும் இடத்தில், முன் இருக்கையின் காலடியில் வைக்கட்டும். மீன் வியாபாரிகள் வைத்திருக்கும் ரெஜிபோம் பெட்டி ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. ஐஸ் தேவையில்லை, மூடியிருந்தாலே சூடு உள்ளே போக நேரம் எடுக்கும். மீன் மணம் போகக் கழுவிக் காயவைத்த பெட்டியாக இருக்கட்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கடையில் வாங்குவது என்றால், நம்முடைய நாட்டில் வைன் ஸ்டோர்ஸ் என்று பலகை மாட்டிய கடைகளில் சாராயமும் பியரும்தான் ஓடும். வைன் தட்டில் மாதக்கணக்காகத் தூசி பிடித்து நிற்கும். முன்வரிசையில் வெளிச்சத்தில் நிற்பதை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் பெட்டியிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். கழுத்துவரை வைன் நிரம்பி இருக்கிறதா, தக்கை மட்டமாக இருக்கிறதா, மேலுறைக்குக் கீழே ஒட்டல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். போயா நாளில் கடை பூட்டு, 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்க முடியாது. இரண்டும் சட்டம்.

எதைத் தள்ளிவைக்கலாம், எதை உடனே குடிக்க வேண்டும்

"பழையது என்றால் நல்லது" என்பது சாராயத்தையும் வைனையும் ஒன்றாகப் பார்ப்பதால் வந்த நம்பிக்கை. உலகத்தில் விற்கும் வைனில் மிகப் பெரும்பகுதி ஒன்றிரண்டு வருடத்துக்குள் குடிப்பதற்கென்றே செய்யப்படுகிறது. நல்ல நிலவறையில் வைத்தாலும் அது மேலும் சிறக்காது. பெரும்பாலான வெள்ளை வைன், ரோஸே, விலை குறைந்த சிவப்பு, நவம்பர் மூன்றாம் வியாழனில் வெளிவரும் போஜொலே நூவோ என்ற பிரெஞ்சுப் புதுவைன், இவற்றை எல்லாம் வந்த மாதமே திறந்துவிடுங்கள். லேபலில் ஒரு வருடம் போட்டிருந்தால் அது முந்திரிகை பறித்த வருடம். அதிலிருந்து கணக்குப் பாருங்கள்.

மூடியையும் பாருங்கள். திருகுமூடி போட்டிருந்தால் மலிவு வைன் என்று நினைக்க வேண்டாம். 2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் வைன் செய்பவர்கள் பலர் சேர்ந்து ரீஸ்லிங் என்ற தங்கள் நல்ல வெள்ளை வைனுக்குத் திருகுமூடி போட்டார்கள். தக்கையால் வரும் கெடுதல் பிடிக்காமல்தான். திருகுமூடிப் போத்தலை நிமிர்த்தியும் வைக்கலாம், திறக்கக் கருவியும் வேண்டாம். நம் ஊருக்கு அதுதான் வசதி என்பது என் எண்ணம்.

வன்னி வெயிலுக்கென்றே செய்தது போல ஒரு வைன் இருக்கிறது: மதேய்ரா. போர்த்துக்கலுக்குச் சொந்தமான அத்திலாந்திக் தீவு ஒன்றில் செய்வது. பழைய காலத்தில் கப்பலின் அடித்தளத்தில் வெப்பமண்டலக் கடல்களைக் கடந்துபோன பீப்பாய்கள் கெடுவதற்குப் பதிலாக ருசியாகி வந்தன. அதைக் கண்டபின் வேண்டுமென்றே சூடாக்கத் தொடங்கினார்கள். இன்றும் சாதாரண மதேய்ராவைத் தொட்டியில் 45 முதல் 50 பாகை வரை குறைந்தது மூன்று மாதம் சூடாக்குகிறார்கள். பீப்பாயில் வைத்து வருடக்கணக்காக முதிரவிடுவது உயர்ந்த வகை. மதுசாரமும் 17 வீதத்துக்கு மேல். ஏற்கெனவே வெந்து, காற்றும் பட்டு வந்தது என்பதால் நம் ஹோல் அலுமாரி அதை ஒன்றும் செய்துவிடாது, திறந்தபின்னும் மாதக்கணக்கில் இருக்கும். "என்ன கொண்டுவர?" என்று கேட்கும் சித்திமாருக்கு நான் இப்போது சொல்வது இந்தப் பெயரைத்தான். அம்மா அலுமாரியில் வைத்தே தீருவார் என்றால் அதற்கேற்ற போத்தலைக் கேட்பதுதானே புத்தி.

பங்கருக்குள் வைக்கலாமா?

சிரிக்காதீர்கள், எனக்கு முதலில் வந்த யோசனை அதுதான். பிரான்சில் நிலத்துக்கு அடியில்தானே வைக்கிறார்கள், எங்களுக்குத் தோண்டத் தெரியாதா என்று.

நிலத்துக்குள் சில மீற்றர் ஆழம் போனால் வெப்பநிலை பகல் இரவு, கோடை மாரி என்று ஆடாது. அந்த ஊரின் வருடச் சராசரியை ஒட்டி நிற்கும். ஷாம்பேன் பகுதியில் ரீம்ஸ் நகரத்தின் சுண்ணக்கல் நிலவறைகள் 10 முதல் 12 பாகையில் இருப்பது அந்த ஊர் குளிரான ஊர் என்பதால். வன்னியின் சராசரி 28 பாகைக்குப் பக்கம். எவ்வளவு தோண்டினாலும் கிடைப்பது அதுதான். யுத்த காலத்தில் பங்கருக்குள் இருந்தவர்களுக்கு அங்கே குளிராகவா இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. கிணற்றுக்குள் கயிற்றில் இறக்கி வைப்பதும் இதே கதைதான். தண்ணீர் கையில் பட்டால் குளிர்கிறது, ஆனால் வெப்பமானியில் 27, 28 காட்டும். குடிக்கிற கிணற்றில் லேபல் பசையும் கரையும்.

ஆனால் சீராக இருப்பதால் ஒரு நன்மை உண்டு. ஒன்றிரண்டு மாதம் வைப்பதற்கு வீட்டுக்குள்ளேயே அப்படி ஓர் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். மேற்குச் சுவர் படாத உள்ளறை, சீமெந்து நிலத்தோடு ஒட்டிய மூலை, கட்டிலுக்குக் கீழே. போத்தலைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, ரெஜிபோம் பெட்டிக்குள் படுக்கவைத்து, மூடி, அங்கே தள்ளிவிடுங்கள். குசினியும் பிரிட்ஜின் மேற்பக்கமும் மோட்டார்சைக்கிள் விடும் விறாந்தையும் ஆகாது.

தக்கை போட்ட போத்தலைப் படுக்கவைப்பது தக்கை ஈரமாகவே இருக்கத்தான். காய்ந்தால் சுருங்கும், காற்று போகும், இழுக்கும்போது பொடியும். அறையின் ஈரப்பதம் 70 வீதம் அளவில் இருப்பது நல்லது என்பார்கள். மாரியில் நமக்கு அதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். அப்போது கெடுவது லேபல்தான், பூஞ்சணம் பிடிக்கும். பார்வைக்குக் கவலை என்றால் மெல்லிய பொலித்தீன் சுற்றிவிடுங்கள்.

மண்பானை முறையையும் செய்து பார்த்தேன். பெரிய பானைக்குள் ஈரமணல், அதற்குள் சின்னப் பானை, அதற்குள் போத்தல், மேலே நனைத்த சாக்கு. கச்சான் வீசும்போது காற்று உலர்ந்திருப்பதால் தண்ணீர் ஆவியாகி ஐந்தாறு பாகை குறைகிறது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை தண்ணீர் விட வேண்டும். மாரியில் பிரயோசனம் இல்லை, ஈரக்காற்றில் ஆவியாகாது. பிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு ஒரு கோடையைக் கடத்த உதவும், அவ்வளவுதான்.

பிரிட்ஜ்தான் நம் நிலவறை

புத்தகங்கள் வீட்டுப் பிரிட்ஜை ஒத்துக்கொள்வதில்லை. 4 பாகை என்பது மிகக் குளிர், காற்று உலர்ந்தது, மோட்டார் அதிரும், மாதக்கணக்கில் வைத்தால் தக்கை காயும் என்று காரணம் சொல்வார்கள். எல்லாம் சரிதான். குளிரான நிலவறை வைத்திருப்பவருக்கான அறிவுரை அது. 34 பாகை ஹோலுக்கும் 4 பாகை பிரிட்ஜுக்கும் நடுவில் தெரிவு செய்ய வேண்டிய நமக்கு, பிரிட்ஜ் பல மடங்கு மேல். குளிர் வைனை நித்திரையாக்கும், சூடு கொல்லும்.

கீழே மரக்கறி போடும் இழுப்பறை மற்றத் தட்டுகளைவிடக் கொஞ்சம் சூடு கூடிய இடம். அதற்குள் போத்தலைத் தாளில் சுற்றிப் படுக்கவையுங்கள். கருவாட்டுப் பொதியும் மாசியும் இருந்தால் அவற்றை இறுக்கி மூடிய டப்பாவுக்கு மாற்றுங்கள். இப்படி மூன்று நான்கு மாதம் கவலையில்லாமல் வைக்கலாம். கரண்ட் கட்டுக்கும் பயப்பட வேண்டாம். கதவைத் திறக்காமல் விட்டால் நாலு மணி நேரம் உள்ளே குளிர் நிற்கும். 2022 பங்குனியில் போல ஒரு நாளில் 13 மணி நேரம் போனால்தான் சிக்கல். அப்போது வைனை யார் பார்த்தார்கள்!

வைனுக்கென்றே விற்கும் சின்னக் குளிர்ப்பெட்டி வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்: கம்பிரஸர் உள்ளதா? கம்பிரஸர் இல்லாத மலிவு வகை, அறை வெப்பத்திலிருந்து 15 முதல் 20 பாகை வரைதான் கீழே இறக்கும். கொழும்பில் ஏசி அறையில் அது 12 பாகை காட்டும். நம் ஹோலில் நடுப்பகலில் 18ஐத் தொடவே மூச்சு வாங்கும்.

குடிக்கும் நாளில் எவ்வளவு குளிர்?

"சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் பரிமாறவும்" என்று லேபலில் இருக்கும். அந்த அறை பழைய ஐரோப்பிய வீட்டின் அறை, 16 முதல் 18 பாகை. நம் அறையில் வைத்ததை அப்படியே வார்த்தால் மதுசாரம் மூக்கில் ஏறும், மற்றது ஒன்றும் தெரியாது. எங்கள் பக்கம் சிவப்பு வைன் பிடிக்காது என்று சொல்பவர்களில் பாதிப்பேர் அதைச் சுடச்சுடக் குடித்துப் பார்த்தவர்கள்.

வெளியே இருந்த சிவப்புப் போத்தலைப் பிரிட்ஜில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். பிரிட்ஜிலேயே இருந்தது என்றால் எடுத்து வெளியே பதினைந்து இருபது நிமிடம் விட்டால் போதும், நம் வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். வெள்ளை வைனுக்கு 8 முதல் 12 பாகை, நுரைக்கும் வைனுக்கு 6 முதல் 8. ஆட்கள் வந்துவிட்டார்கள், போத்தல் சூடாக இருக்கிறது என்றால் ஒரு வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு பிடி உப்பு. கழுத்துவரை மூழ்கவிட்டால் இருபது நிமிடத்தில் குளிர்ந்துவிடும். தண்ணீர் இல்லாத வெறும் ஐஸ் மெதுவாகத்தான் வேலை செய்யும், கட்டிகளுக்கு நடுவில் காற்று நிற்பதால். பிரீஸரில் வைத்துவிட்டு மறந்துபோகாதீர்கள். 12 வீத வைன் பூச்சியத்துக்குக் கீழே 5, 6 பாகையில் உறையத் தொடங்கி, தக்கையைத் தள்ளும் அல்லது போத்தலைப் பிளக்கும்.

வெயிலில் குடிக்கும்போது கிளாஸில் கொஞ்சமாக வாருங்கள். மூன்றில் ஒரு பங்கு. முழுக்க நிரப்பினால் பாதியில் சூடாகிவிடும், மணத்துக்கும் இடமிருக்காது. தண்டு வைத்த கிளாஸ் இல்லாவிட்டால் மெல்லிய கண்ணாடிக் கிளாஸ் போதும். மூக்குப்பேணி அழகுதான், ஆனால் நிறமும் மண்டியும் தெரியாது. 750 மில்லிலீற்றர் போத்தலில் ஐந்து பேருக்கு வரும் என்று கணக்கு வையுங்கள்.

தக்கையை எடுப்பது

தக்கை என்பது ஒரு வகை ஓக் மரத்தின் பட்டை. உலகத்தில் பாதியளவு போர்த்துக்கலிலிருந்து வருகிறது. மரத்துக்கு 25 வயதானபின் முதல் தடவை உரிப்பார்கள், அப்புறம் ஒன்பது வருடத்துக்கு ஒரு முறை. பட்டை என்பதால் அதற்கு இழுவிசை தாங்கும் சக்தி குறைவு. நேராக இழுத்தால் வரும், சரித்து இழுத்தால் முறியும். திறப்பதில் உள்ள சூட்சுமம் எல்லாம் இந்த ஒரு விஷயத்தில்தான்.

கருவியில் காசு செலவழிக்க வேண்டியது அதன் சுருளுக்கு. சுருளின் நடுவில் ஒரு தீக்குச்சியை நுழைத்துப் பாருங்கள். போனால் நல்லது, கம்பிச் சுருள் தக்கையைக் கவ்வும். நடு அடைபட்டு மரத்துக்கு அடிக்கும் திருகாணி போல இருந்தால் அது தக்கையைத் துளைத்து மாவாக்கும். ஹோட்டல் பணியாளர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் மடக்குத் திருகியைத்தான் நான் சொல்வேன். 1882இல் கார்ல் வீன்கே என்ற ஜெர்மன்காரர் உருவாக்கியது. சின்னக் கத்தி, சுருள், போத்தல் வாயில் ஊன்றும் நெம்பு, மூன்றும் ஒன்றில். நெம்பில் இரண்டு படி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். தலையைத் திருகினால் இரண்டு கைகள் மேலே எழும்பும் வகை பார்க்கச் சுலபம், ஆனால் பலவற்றில் சுருள் மோசம்.

போத்தலை மேசையில் வையுங்கள், மடியில் இடுக்க வேண்டாம். வாய்க்குக் கீழே இருக்கும் தடிப்பான வளையத்துக்கும் கீழே கத்தியை வைத்து, மேலுறையைச் சுற்றி வெட்டி எடுங்கள். வாயை ஈரத்துணியால் துடையுங்கள். பழைய போத்தல் என்றால் இது கட்டாயம். 1990களின் தொடக்கம் வரை மேலுறையை ஈயத்தில் செய்தார்கள். தக்கையின் மேலே கொஞ்சம் பூஞ்சணம் இருந்தால் பயம் வேண்டாம், துடைத்தால் சரி.

சுருளின் முனையை நடுவிலிருந்து ஒரு மயிரிழை தள்ளிக் குத்தி, பிறகு நேராக நிமிர்த்துங்கள். முனை அப்படி விலகி நின்றால்தான் சுருள் முழுவதும் நடுவில் இறங்கும். போத்தலை அசைக்காமல் திருகியை மட்டும் திருப்புங்கள். சுருளில் ஒரு வளையம் வெளியே தெரியும்போது நிறுத்துங்கள், அதற்கு மேல் போனால் தக்கையின் அடி துளைபட்டுப் பொடி வைனில் விழும். முதல் படியைப் போத்தல் வாயில் ஊன்றி, இடது கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மேலே தூக்குங்கள். தக்கை பாதி வந்ததும் இரண்டாம் படி. கடைசி ஒரு சென்டிமீற்றருக்கு நெம்பை விட்டுவிட்டு, தக்கையைக் கையால் பிடித்து மெல்ல ஆட்டி எடுங்கள். சத்தம் வராமல் வந்தால் நீங்கள் கைதேர்ந்தவர்.

திருகி இல்லாத வீடுகள்தான் நம்மிடம் அதிகம். தச்சு வேலைக்கு வாங்கிய இரண்டங்குலத் திருகாணி ஒன்றைக் கழுவி, அரை அங்குலம் வெளியே நிற்கும்படி தக்கைக்குள் இறக்கி, ஆணி பிடுங்கும் சுத்தியலாலோ குறட்டாலோ நேராக இழுக்கலாம். அதுவும் சரிவராவிட்டால் அகப்பைக் காம்பால் தக்கையை உள்ளே தள்ளிவிடுங்கள், வைனுக்கு ஒன்றும் ஆகாது. தள்ளும்போது உள்ளே அழுத்தம் கூடி ஒரு பீச்சு மேலே வரும் என்பதால் துணியால் மூடிக்கொண்டு செய்யுங்கள். கலியாணச் சேலையோடு யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. சப்பாத்துக்குள் போத்தலை வைத்துச் சுவரில் அடிப்பது, கழுத்தை நெருப்பில் காட்டுவது, கத்தியால் நெம்புவது எல்லாம் போனில் வரும் வீடியோவோடு இருக்கட்டும். கண்ணாடி உடைந்தால் கைநரம்பு போகும்.

தக்கை பொடிந்தால் தேத்தண்ணி வடியில் வடித்துவிடுங்கள். மண்டி உள்ள பழைய சிவப்பு என்றால் முதல் நாளே போத்தலை நிமிர்த்தி வைத்து, அடுத்த நாள் கழுத்துக்குப் பின்னால் ரோச் வெளிச்சம் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒரு கண்ணாடிக் குவளைக்கு மாற்றுங்கள். கறுப்புக் கோடு கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். வடிக்கத் துணி எடுப்பதாக இருந்தால் தேங்காய்ப்பால் பிழியும் துணி வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரு தடவை நடந்தது. எத்தனை தடவை தோய்த்தாலும் அந்தத் துணியில் எண்ணெய் மணம் போவதில்லை.

நுரைக்கும் போத்தல்

இதற்குத் தனியாகச் சொல்லக் காரணம் கண். ஷாம்பேன் போத்தலுக்குள் 5, 6 வளிமண்டல அழுத்தம் இருக்கிறது, கார் ரயரில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல். சூடேறினால் இன்னும் கூடும். குலுக்கித் திறந்து தக்கையைக் கூரைக்கு அடிப்பது கலியாண வீட்டு வழக்கமாகிவிட்டது. ஒரு கொண்டாட்டத்தில் குழல்விளக்கு உடைந்து கேக்கில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். விளக்கில் பட்டது நல்லகாலம்.

நன்றாகக் குளிரவிடுங்கள், குளிர்ந்தால்தான் வாயு அடங்கி இருக்கும். கம்பிக் கூட்டைத் தளர்த்த ஆறு அரைச்சுற்று. தளர்த்தத் தொடங்கும் கணத்திலிருந்து பெருவிரல் தக்கையை விட்டு விலகக் கூடாது. கூட்டைக் கழற்றாமல், அதன் மேலேயே துணியைப் போட்டுப் பிடியுங்கள். போத்தலைச் சரித்து, ஆட்கள் இல்லாத பக்கம் வாயைக் காட்டுங்கள். தக்கையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு போத்தலின் அடியைத் திருப்புங்கள். தானாக வெளியே வர முயலும், அதை உள்ளே தள்ளுவது போலத் தடுத்துக்கொண்டே விடுங்கள். "ஸ்ஸ்" என்று ஒரு மூச்சுத்தான் கேட்க வேண்டும். அம்மம்மாக்களுக்கு அந்தச் சத்தம் போதாது, வெடி கேட்க வேண்டும் என்பார்கள். வெடி வேண்டுமென்றால் வாசலில் சீனவெடி கொளுத்துங்கள்.

கெட்டதா என்று பார்ப்பதும், மிச்சத்தை வைப்பதும்

வார்த்ததும் முதலில் நீங்கள் மணந்து பாருங்கள், விருந்தாளிக்குப் பிறகு. நனைந்த கடதாசிப் பெட்டி, மழையில் ஊறிய சாக்கு போல மணத்தால் அது தக்கையில் பிடித்த ஒரு சேர்மத்தின் வேலை. கோடியில் ஒரு பங்குக்கும் எவ்வளவோ குறைவாக இருந்தாலே மூக்குக்குத் தெரியும். உடலுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் வைன் போய்விட்டது. பாகு மணமும் மண்ணிறமும் என்றால் வெயில் வேலை. வினாகிரி மணம் என்றால் பற்றீரியா மதுசாரத்தைப் புளிக்கவைத்துவிட்டது, பனங்கள்ளு மறுநாள் ஆவது போல. இந்தக் கடைசி வகையைக் கொட்ட வேண்டாம். பன்றியிறைச்சிக் கறிக்கு வினாகிரிக்குப் பதிலாக விட்டுப் பாருங்கள்.

மிச்சம் இருந்தால் உடனே மூடிப் பிரிட்ஜில், நிமிர்த்தி வையுங்கள். படுக்கவைத்தால் காற்றுப் படும் பரப்புக் கூடும். சிவப்பும் பிரிட்ஜுக்குத்தான், வன்னியில் அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. மூன்று நான்கு நாள் இருக்கும். இன்னும் நல்ல வழி, திறந்தவுடனேயே பாதியை ஒரு சின்னச் சோடாப் போத்தலில் விளிம்புவரை நிரப்பி இறுக்கி மூடிவிடுவது. காற்றுக்கு இடமில்லை என்றால் ஒரு வாரம் தாண்டும். நுரைக்கும் வைன் ஒன்றிரண்டு நாள். கழுத்தில் கரண்டி தொங்கவிட்டால் நுரை போகாது என்பது கதை, குளிர்தான் காப்பாற்றுகிறது. போர்ட் போன்ற மதுசாரம் கூடியவை சில கிழமை நிற்கும்.

இப்போது எங்கள் வீட்டு நடைமுறை இதுதான். போத்தல் வந்த அன்றே மரக்கறி இழுப்பறைக்குள் போகும், நாட்காட்டியில் ஒரு தேதியில் வட்டம் விழும். போன நத்தாருக்குத் திறந்தது நன்றாகவே இருந்தது. அம்மா அரைக் கிளாஸ் குடித்துவிட்டு, "இது சர்ச்சில தாற ரசத்தைவிட உறைப்புக் குறைவு" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலையில் பார்த்தால், வெறும் போத்தலைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, தக்கையையும் தலைகீழாகச் செருகி, அலுமாரியில் மாதாவுக்குக் கீழே பழைய இடத்திலேயே நிறுத்தியிருந்தார். கடும்பச்சைக் கண்ணாடி என்பதால் வித்தியாசம் தெரியவில்லை.